ஃபோர்த் ஆக்சிஸ்ல மரை வெட்டறப்ப எஃப் நம்பர் எதைச் சொல்லுது

விஎம்சின்னா கம்ப்யூட்டர் கண்ட்ரோல்ல ஓடற மில்லிங் மெஷின், அதுல ஜாப்பச் சுத்தறதுக்குப் போடற ஃபோர்த் ஆக்சிஸ்தான் ரோட்டரி. அந்த ரோட்டரி போட்டு விஎம்சில மரை (ஸ்குரூ த்ரெட்) வெட்டறதப் பத்திக் கேக்கறவங்க முக்காவாசிப் பேரு கோடு என்னன்னுதாங்க கேக்கறாங்க. கோடு ஒரே வரிதான். எக்ஸ் (ஜாப்போட நீளவாக்குல ஓடற ஆக்சிஸ்) இத்தனை எம்எம் போ, அதே நேரத்துல ஏ (ரோட்டரி சுத்தற ஆக்சிஸ்) இத்தனை டிகிரி சுத்து, ரெண்டும் ஒண்ணா கெளம்பி ஒண்ணா நிக்கும், மரை விழுந்துரும். நம்மள மாட்ட வெக்கறது அந்த வரியோட கடைசில இருக்கற எஃப் (ஃபீடு, ஓடற வேகம்), அப்புறம் ஏ ஆக்சிஸோட பாராமீட்டர் (கண்ட்ரோலுக்குள்ள இருக்கற செட்டிங்), அப்புறம் பிரேக்கு. கோயமுத்தூர்ல கணபதி பக்கம் சின்னதா ஜாப் ஒர்க் பட்டறை வெச்சிருக்கறேன், ஒரு விஎம்சி, அதுல வார்ம் கியர் ரோட்டரி ஒண்ணு. அதுல மரை வெட்டி வெட்டிப் புரிஞ்சுக்கிட்டத எழுதறேன்.

முதல்ல ஒண்ணு. லேத்துல ஆகற மரைய லேத்துலயே வெட்டுங்க. ஜி76ல (லேத்துல மரை வெட்டற கோடு) நிமிசக் கணக்குல முடியற வேலைய ரோட்டரில தூக்கி வெச்சு மணிக்கணக்கா ஓட்டறதுல ஒரு பெருமையும் இல்லீங்க. தட்டையா பெட்ல கிடக்கற ஜாப்புல ஓட்டைக்குள்ள மரை போடோணும்னாலும் ரோட்டரி வேண்டாம், த்ரெட் மில்லு போட்டு எக்ஸ் ஒய் இசட்ல ஹெலிக்கலா சுத்துனாப் போதும். ரோட்டரி எதுக்குன்னா லீட் (ஒரு சுத்துக்கு மரை முன்னால போற தூரம்) ரொம்பப் பெருசா இருக்கற மரைக்கு (50 எம்எம் லீட்ட லேத்துல 200 ஆர்பிஎம்ல வெட்டுனா ஸ்லைடு நிமிசத்துக்கு 10,000 எம்எம் ஓடோணும், நிக்கற எடத்துல நிக்காது), மரை ஷோல்டர் (டயா பெருசாகற படி) வரைக்கும் வந்து ரிலீஃப் காடி (டூல் வெளிய வர்றதுக்கான பள்ளம்) போட எடமே இல்லாத ஜாப்புக்கு, பிட்ச் போகப் போக மாறற ஸ்குரூவுக்கு, இல்ல ஹார்டன் பண்ணி வந்ததுல மறுக்கா வெட்டறதுக்கு. லேத்துல டூல் சும்மா நிக்குது, ஜாப் சுத்தினாத்தான் வெட்டும். இங்க டூல் தானே சுத்துது. அதனால மரை பாதில ஏ ஆக்சிஸ நிறுத்துனாலும் டூல் ஒடையாது, அப்படியே மேல தூக்கிக்கலாம். ரோட்டரில இருக்கற பெரிய லாபமே இதுதான்னு நான் சொல்லுவேன்.

கணக்கு புரியறதுக்கு ஒரு ஜாப்ப எடுத்துக்கறேன். திருப்பூர்ல இருந்து ஒருத்தர் ஃப்ளை பிரஸ்ஸு ஸ்குரூ ஒண்ணு கொண்டு வந்தாரு, பழசு தேஞ்சு போச்சு, நட்டு மட்டும் நல்லா இருக்குது, அந்த நட்டுக்கே ஸ்குரூ பண்ணிக் குடுங்கன்னு. 40 டயா, டிராபிசாய்டல், பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் எடைவெளி) 7, ரெண்டு ஸ்டார்ட்டு (பக்கத்துப் பக்கத்துல ஓடற ரெண்டு மரை), அப்ப லீட் 14. ஃப்ளை பிரஸ்ஸுல கைய ஒரு சுத்து சுத்துனா ராம் வெசையா எறங்கோணுமில்லீங்களா, அதுக்குத்தான் ரெண்டு ஸ்டார்ட்டும் மூணு ஸ்டார்ட்டும் போடறது. மரை 140 எம்எம் நீளம், அதுக்கப்புறம் உடனே ஷோல்டர், நடுவுல காடி கிடையாது. மெட்டீரியல் ஈஎன்8 ஸ்டீலு.

லீட் 14னா 140 எம்எம்முக்கு 10 சுத்து, 3600 டிகிரி. வரி இப்படி வரும்: ஜி91 ஜி1 எக்ஸ்-140. ஏ3600. எஃப்200. (ஜி91னா நிக்கற எடத்துல இருந்து இத்தனை போங்கறது, ஜி1னா ஃபீட்ல நேராப் போங்கறது.) பாக்கறதுக்கு ஒண்ணும் தப்பில்ல. நம்ம பட்டறைல தாராபுரத்துப் பையன் ஒருத்தன் ஆபரேட்டரா இருக்கறான், அவன் இத ஓட்டிப் பாத்துட்டு, "ஏனுங்ணா, எஃப்200தான போட்டிருக்குது, இது ஏனுங்ணா இப்படி ஊருது, ஃபீடு ஓவர்ரைடு 100லதான் இருக்குது"ன்னான். நல்ல கேள்வி. ஓவர்ரைடுல ஒண்ணுமில்ல. ஃபேனக் மாதிரி கண்ட்ரோல்ல ஜி94ல (எஃப்ப நிமிசத்துக்கு இத்தனைன்னு எடுத்துக்கற முறை) ஓடறப்ப அதுக்கு டிகிரியும் எம்எம்மும் ஒண்ணுதான், 3600 டிகிரிய 3600 எம்எம்னு எடுத்துக்குது. 140ஸ்கொயர், 3600ஸ்கொயர், கூட்டி ரூட் எடுத்தா 3602.7, அத 200ல வகுத்தா 18 நிமிசம். ஆனா டூல் நெசமா ஜாப் மேல போற தூரம் எவ்வளவு? 40 டயாவோட சுத்தளவு 125.66, லீட்டயும் சேத்தா ஒரு சுத்துக்கு 126.44, பத்து சுத்துக்கு 1264 எம்எம். அத 18 நிமிசத்துல போனா நிமிசத்துக்கு 70 எம்எம்தான். 200 கேட்டோம், 70 கெடச்சுது. டூல் வெட்டாம தேச்சுக்கிட்டே போகும், கார்பைடு முனை சீக்கிரம் மழுங்கிரும்.

இதுல ஞாபகம் வெச்சுக்க ஒரு டயா இருக்குதுங்க, 114.6 எம்எம். 360 பை ஆல வகுத்தா வர்றது. அந்த டயால மட்டும் ஒரு டிகிரியும் மேற்பரப்புல ஒரு எம்எம்மும் சரியா ஒண்ணா இருக்கும். அதுக்குக் கீழ இருக்கற ஜாப்பெல்லாம் போட்ட எஃப்ப விட மெதுவா ஓடும், மேல இருக்கறதெல்லாம் வெசையா ஓடும். 200 டயா டிரம்முல எஃப்200 போட்டா மேற்பரப்புல கிட்டத்தட்ட 350 ஓடுது. மெதுவா ஊருறதுல டூல்தான் வீணாகும், பெரிய டயால கவனிக்காம விட்டா டூலே முறிஞ்சு போயிரும்.

சரி பண்ண ரெண்டு வழி. ஒண்ணு, ஜி94லயே இருந்துக்கிட்டு எஃப்ப நாமளே திருப்பிக் கணக்குப் போடறது. நமக்கு வேணுங்கறது நெசமான 200. 1264ஐ 200ல வகுத்தா 6.32 நிமிசம். 3602.7ஐ 6.32ல வகுத்தா 570. ஆக எஃப்570 போட்டா ஜாப் மேல 200 ஓடும். ரெண்டாவது, ஜி93, இன்வெர்ஸ் டைம். இதுல எஃப்னா வேகமே இல்ல, இந்த வரிய எத்தனை நிமிசத்துல முடிக்கோணும்ங்கறதத் தலகீழாப் போடறது. 1ஐ 6.32ல வகுத்தா 0.158. அதுதான் எஃப். இதுல டிகிரி எம்எம் கொழப்பமே வராது, நேரத்த மட்டும்தான் பேசறோம். எனக்கு ஜி93தான் பிடிக்கும். ஆனா அதுக்கு ரெண்டு குணம் இருக்குது. ஒவ்வொரு ஜி1 வரிக்கும் எஃப் தனியாப் போட்டாகோணும், போன வரியோட எஃப் தொடராது. வரி சின்னதானா நம்பர் பெருசாகும், பத்து சுத்துக்கு 0.158ன்னா கால் சுத்துக்கு 6.33, வேகம் ஒண்ணுதான். ரெண்டாவது, மரை முடிஞ்சதும் மறக்காம ஜி94 போட்டு வெளிய வரோணும். அத உட்டுட்டா அடுத்தாப்பல வர்ற ஃபேசிங் வரில இருக்கற எஃப்200ஐ அது 200ல ஒரு பங்கு நிமிசம்னு படிக்கும், மூணுல ஒரு பங்கு செகண்டுக்கும் கம்மி, மெஷின் தன்னால முடிஞ்ச மட்டும் பாயும். அதனால நான் எல்லா ப்ரோகிராமோட முதல் வரிலயும் ஜி94 போட்டுத்தான் ஆரம்பிக்கறது, மரை இருந்தாலும் இல்லாட்டியும்.

ஹாஸ் மெஷின் வெச்சிருக்கறவங்க இந்தக் கணக்க அப்படியே போடாதீங்க. அதுல செட்டிங் 34ன்னு ஒண்ணு இருக்குது, ஃபோர்த் ஆக்சிஸ் டயாமீட்டர். அதுல ஜாப் டயாவக் குடுத்தா நாம எம்எம்ல போடற ஃபீட வெச்சு அதுவே சுத்தற வேகத்தக் கணக்குப் பண்ணிக்குது. வசதிதான், ஆனா போன ஜாப்போட டயா அதுல உக்காந்திருந்தா இந்த ஜாப்போட வேகம் மாறிரும். நெறையப் பேரு மெஷின் விட்டு மெஷின் ப்ரோகிராம் காப்பி பண்ணி ஓட்டறாங்க, ஆவாரம்பாளையத்துல ஒரு பட்டறைல நல்லா ஓடுன ப்ரோகிராம் மலுமிச்சம்பட்டில இன்னொரு கண்ட்ரோல்ல வேற வேகத்துல ஓடறதுக்குக் காரணம் இதுதானுங்க.

அடுத்தது ரோல் ஓவர். பெரும்பாலும் ரோட்டரி போட்டுக் குடுக்கறவங்க 360 தாண்டுனா மறுபடி 0ல இருந்து எண்ணற மாதிரி பாராமீட்டர் வெச்சுத்தான் குடுப்பாங்க, ஃபேனக்ல 1008ல பாருங்க. அது ஆன்ல இருக்கறப்ப ஜி90ல (எந்த எடத்துக்குப் போகோணும்னு சொல்ற முறை) ஏ3600ன்னு போட்டா கண்ட்ரோல் 3600ல எத்தனை 360 இருக்குதுன்னு கழிச்சுப் பாக்கும், மிச்சம் 0, நாம ஏற்கனவே 0ல நிக்கறோம், ஆக சுத்த வேண்டியதில்லைன்னு முடிவு பண்ணிரும். எக்ஸ் மட்டும் நேராப் போகும். மரைக்குப் பதிலா ஸ்குரூ நீளத்துக்கும் ஒரு கீவே விழுந்து கெடக்கும். ஏ3700ன்னு போட்டா 100 டிகிரி மட்டும் சுத்தும். அதனால மரை வரி எப்பவும் ஜி91ல. ஜி91ல எத்தனை டிகிரி சொன்னோமோ அத்தனையும் சுத்தும். ரோல் ஓவர் இல்லாத ரோட்டரினா அதுல வேற கூத்து, சுத்து ஏறிக்கிட்டே போகும், கடைசில ஹோமுக்கு அனுப்புனா ஏறுன சுத்தெல்லாம் திருப்பிச் சுத்திக்கிட்டு நிக்கும், நாம போயி பேக்கரில ஒரு டீயும் தேங்காபன்னும் சாப்பிட்டு வரலாம்.

இதுலயே ஒரு நல்லதும் இருக்குது. மொத்த சுத்த முழு நம்பரா வெச்சுக்கிட்டா ஒவ்வொரு பாஸ் முடிஞ்சதும் ரோட்டரியத் திருப்பிச் சுத்தவே வேண்டாம். இசட்ட மேல தூக்கு, எக்ஸ மட்டும் ராப்பிட்ல ஆரம்பத்துக்குக் கொண்டு வா, ஏ தானாவே பழைய எடத்துல நிக்குது, அடுத்த ஆழத்துக்குப் போ. ரோட்டரி எப்பவும் ஒரே பக்கமாவே சுத்தறதால வார்ம் கியர்ல இருக்கற பேக்லாஷும் (பல்லுக்கு நடுவுல இருக்கற ஆட்டம்) ஒரே பக்கமாவே ஒதுங்கி இருக்கும். திருப்பிச் சுத்திக் கொண்டு வந்தீங்கன்னா மறுபடி வெட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்ன ஜாப்புக்கு வெளிய பத்து பதினஞ்சு டிகிரியாச்சும் வெட்டற திசைல சுத்தி பேக்லாஷ எடுத்துட்டு உள்ள போங்க, இல்லாட்டி மொத மரை மட்டும் கொஞ்சம் தள்ளி விழும்.

பிரேக்கு. இண்டெக்ஸ் வேலைல பிரேக்கு போட்டு நிறுத்தி வெட்டிப் பழகுன கை, மரைலயும் அதே எம் கோட விட்டு வெச்சிரும். பிரேக்க ரிலீஸ் பண்ணாம ஏ சுத்துனா சர்வோ ஓவர்லோடு அலாரம் வரும், அலாரம் வந்தாக்கூடத் தேவலை, பிரேக்கு பாதி புடிச்சு அரைச்சுக்கிட்டே ஓடற ரோட்டரி உள்ளுக்குள்ள சூடேறி வீணாப் போயிரும். ஹாஸ்ல எம்11 ரிலீஸ், எம்10 புடிக்கறது. மத்த மெஷின்ல கோடு வேற, ரோட்டரி மேனுவலப் பாத்து எழுதி மெஷின் கதவுலயே ஒட்டி வெச்சிருங்க.

செட்டிங்ல எதுக்கு எச்சா நேரம் குடுக்கோணும்னா, ரோட்டரி சென்டரும் டெயில்ஸ்டாக் சென்டரும் ஒரே ஒசரத்துல இருக்குதான்னு பாக்கறதுக்கு. டெஸ்ட் பார் போட்டு மேல டயல் ஓட்டுங்க. அதுல 0.05 ஏறுச்சுன்னா மரை ஆழம் ஒரு முனைல 0.05 கம்மி, நட்டு பாதி போயி இறுகிக்கும். பக்கவாட்டுல, அதாவது ஒய்ல, அதே 0.05 தள்ளி இருந்தா மரைக்கு அவ்வளவு கெடுதல் இல்ல, கணக்குப் போட்டுப் பாத்தேன், இந்த லீட்டுக்கு லீட் எரர் மைக்ரான் கணக்குலதான் வருது. ஒய்யயே அரை நாளு தட்டித் தட்டி நேராக்கிட்டு இசட்ட மறந்துடறவங்களுக்காகச் சொல்றேன்.

டூலுக்கு வருவோம். இந்த மரையோட ஃப்ளாங்க் (சாஞ்ச பக்கம்) ரெண்டும் சேந்து 30 டிகிரி, ஆழம் 4 எம்எம், அடி அகலம் 2.29, மேல வாய் அகலம் 4.44. நாம மேல இருந்து நேரா ஜாப் சென்டரப் பாத்து எறங்கறோம், அப்ப பக்கத்துக்கு 15 டிகிரி டேப்பர் இருக்கற எண்ட்மில்லு, முனை 2 எம்எம் இருந்தாச் சரியா இருக்கும். கடைல ரெடியா கெடைக்காட்டி டூல் கிரைண்டிங் பண்றவங்ககிட்டக் குடுத்தா புடிச்சுக் குடுத்துருவாங்க, கோயமுத்தூர்ல அதுக்குப் பஞ்சமில்ல. ஆனா அந்த 2 எம்எம் முனைய வெச்சே முழுசும் வெட்டாதீங்க. மொதல்ல சாதா 3 எம்எம் எண்ட்மில்லப் போட்டு 2.4 ஆழம் வரைக்கும் எடுத்துருங்க, அந்த ஆழத்துல காடி அகலம் இன்னும் 3.15 இருக்குது, ஃப்ளாங்க்ல படாது. மிச்சத்துக்கு மட்டும் டேப்பர் டூலு. நான் 6000 ஆர்பிஎம்ல ஓட்டறது. கடைசி பாஸ்ல எக்ஸ் ஆரம்பத்த இந்தப் பக்கம் 0.14, அந்தப் பக்கம் 0.14 தள்ளி ஓட்டுனா அடி அகலம் வந்துரும். அந்த 0.14ஐயும் ஒரே தடவைல தள்ள வேண்டாம், 0.10ல நிறுத்தி நட்டப் போட்டுப் பாருங்க. டிராயிங்க விட நட்டு சொல்றதுதான் இந்த ஜாப்புல கணக்கு. நட்டே இல்லாத ஜாப்புனா மரைக் காடில மூணு கம்பி வெச்சு அதுக்கு மேல அளக்கோணும், பிட்ச் 7க்கு 3.62 கம்பி.

ரெண்டாவது ஸ்டார்ட்டுக்கு நெறையப் பேரு எக்ஸ 7 எம்எம் தள்ளி அதே ப்ரோகிராம ஓட்டுவாங்க. லீட் 14ல பாதி 7, கணக்கு சரிதான். ஆனா ஆரம்பம் மட்டுமில்ல, முடிவும் 7 தள்ளிப் போகும், இந்த ஜாப்புல அங்க ஷோல்டர் நிக்குது. டூல் நேரா அதுல போயி இடிக்கும். ஷோல்டர் இருக்கற ஜாப்புல ஏவ 180 சுத்தி ஆரம்பிங்க, எக்ஸ் அப்படியே இருக்கட்டும். முடியற எடத்துல கடைசி கால் சுத்த மட்டும் தனி வரியா பிரிச்சு, எக்ஸ்-3.5 ஏ90. கூட இசட்5. சேத்துக் குடுத்தா டூல் சுத்திக்கிட்டே மெதுவா மேலேறி வெளிய வரும், மரை அப்படியே கரைஞ்ச மாதிரி முடியும். அப்ப மெயின் வரி எக்ஸ்-136.5 ஏ3510. ஆகும், எஃப்பும் 0.162 ஆகும், அதயும் மாத்தோணும்.

வலது மரையா இடது மரையாங்கறது ஏ முன்னால இருக்கற ஒத்தக் குறிதான். ரோட்டரி டேபிள்ல இடது பக்கம் இருக்குதா வலது பக்கம் இருக்குதாங்கறதப் பொறுத்து அது மாறும், அதனால போன மெஷின்ல என்ன போட்டோம்ங்கற ஞாபகத்த நம்பாதீங்க. ஜாப் மேல மாஸ்கிங் டேப் ஒட்டி, ஸ்பிண்டில ஆஃப் பண்ணி, கோலெட்ல ஒரு மார்க்கர் பேனாவப் புடிச்சு, லேசாத் தொடற ஒசரத்துல ஒரு தடவை ஓட்டுங்க. அப்புறம் பக்கத்துல ஒரு சாதா போல்ட்டப் புடிச்சுப் பாத்தாத் தெரிஞ்சுரும். ஸ்கேல் வெச்சு ஒரு கோட்டுல இருந்து அடுத்த கோட்டுக்கு 14 இருக்குதான்னும் பாத்துக்கலாம், ரோல் ஓவர் கோளாறும் இதுலயே மாட்டிக்கும்.

பிட்ச் மாறற ஸ்குரூ பத்தி ரெண்டு வார்த்தை. காங்கயம் பக்கம் தேங்காயெண்ணெ பாட்டில் லைனுக்கு நைலான்ல ஃபீடு ஸ்குரூ கேப்பாங்க, ஒட்டி ஒட்டி வர்ற பாட்டில எடைவெளி விட்டு விட்டுத் தள்றது. இதுக்கு ஒரே வரி பத்தாது, 10 டிகிரிக்கு ஒரு துண்டா மேக்ரோல லூப் போட்டுக்கறேன். முதல் பிட்ச்ச சுத்து நம்பரால பெருக்கி, அதோட ஒரு சுத்துக்கு ஏறற அளவுல பாதிய சுத்து நம்பரோட ஸ்கொயரால பெருக்கிக் கூட்டுனா அந்த எடத்துல எக்ஸ் எங்க இருக்கோணும்னு வந்துரும். இங்க ஜி93 சொகமோ சொகம், 10 டிகிரித் துண்டு எல்லாத்துக்கும் ஒரே எஃப்தான், நிமிசத்துக்கு 2 சுத்து வேணும்னா எஃப்72. பழைய கண்ட்ரோல்னா துண்ட ரொம்பப் பொடியாக்காதீங்க, ஒவ்வொரு வரிக்கும் நின்னு நின்னு போயி நைலான்ல தழும்பு விழும்.

கடைசியா, கரண்ட்டு. பைக்காரா கரண்டு வந்து 1930கள்ல இருந்து மில்லும் பட்டறையுமா பெருகுன ஊரு இது, இருந்தாலும் நடு மரைல கரண்ட்டு போறது போகத்தான் செய்யுது. ஒரு பாஸ்ஸுக்கு 6.3 நிமிசம், ரெண்டு ஸ்டார்ட்டு, எட்டு ஆழம்னு வெச்சாலே நூறு நிமிசம் ஓடற ஜாப்பு, எந்நேரமும் நிக்கலாம். நின்னா மொதல்ல சக்கத் தொடாதீங்க. டூல் காடிக்குள்ள இருக்கும், கரண்ட்டு வந்ததும் இசட்ட மட்டும் நேரா மேல தூக்குங்க, எக்ஸயும் ஏவயும் அசைக்காம. அப்புறம் ஹோம் எடுத்து, ஜாப் சக்குல நகரலைன்னா அந்த பாஸ்ஸ ஆரம்பத்துல இருந்து ஓட்டுனாப் போதும், அதே காடிலதான் எறங்கும். நகந்துருச்சுன்னு சந்தேகம் இருந்தா மரைய மறுக்கா புடிக்கோணும். டேப்பர் டூல நிக்க வெச்சு, ஜாப்போட நடுப்பகுதில ஏற்கனவே வெட்டுன காடிக்குள்ள எறக்கி, ஏவ ஜாக்ல 0.01 டிகிரியா நகத்தி, ஒரு ஃப்ளாங்க்ல சிகரெட் பேப்பர் புடிக்கற எடம், எதிர் ஃப்ளாங்க்ல புடிக்கற எடம் ரெண்டயும் குறிச்சுக்கிட்டு நடு நம்பர எடுங்க. அந்த எக்ஸுக்கு ப்ரோகிராம் கணக்குப்படி ஏ என்ன இருக்கோணுமோ, அதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்த ஜி54 (ஜாப்போட ஜீரோ) ஏ ஆஃப்செட்ல போட்டா மரை கைக்கு வந்துரும். எக்ஸ்லயும் தள்ளிப் பண்ணலாம், ஆனா ஷோல்டர் கத மறுபடி வரும்.

ஜாப்ப எறக்கறதுக்கு முன்ன மரை ஆரம்பிக்கற முனைல மெல்லிசா கத்தி மாதிரி நிக்கற மொத மரைய அதே 3 எம்எம் எண்ட்மில்லால ஏவ ஒரு 60, 70 டிகிரி சுத்தி சீவி எடுத்துருங்க, ரெண்டு ஸ்டார்ட்டுக்கும். ஃப்ளை பிரஸ்ஸுக்காரரு பிராஞ்சு நட்ட மேல வெச்சுச் சுத்தறப்ப அந்த எடத்துலதான் சிக்கும், பர்ரு பாக்கறதும் அங்கதான்.